குடிகாரக் கார்

டாஷ்போர்டில் அந்தப் படம்:
ஒரு குட்டிக் கார், பின்னால் நெளிந்துபோகும் இரண்டு தடம்.
மகன்தான் பெயர் வைத்தான், குடிகாரக் கார் என்று.
நவம்பர் எட்டாம் தேதி எரியத் தொடங்கியது.
ஒன்பதாம் தேதி முதற்பனி.

ஜெயசீலன் கறுப்பு டேப்பில் ஒரு துண்டு வெட்டி
அதன்மேல் ஒட்டினார்.
"இப்ப சரி."
இரவில் டேப்பின் ஓரத்தால்
மஞ்சள் கசிந்துகொண்டே இருந்தது,
சாத்திய அறைக்குள் யாரோ விழித்திருப்பதுபோல.

எனக்குப் பின்னேர வேலை.
தண்டர் பேயில் ஒன்பது வீடு:
இன்சுலின், கட்டு மாற்றுதல், ஒருவருக்குக் கால் நகம்.
ரெட் ரிவர் ரோட் ஏரியைப் பார்த்துச் சரிகிற இடத்தில்
பிரேக்கை மெல்லத் தொட்டாலும்
பாதத்தின் கீழ் ஏதோ பல்லை நறநறத்தது.
கார் நிற்க மனமில்லாமல்
இன்னொரு பாகம் போய் நின்றது.

டீலர் ஆயிரத்து நூற்று நாற்பது டொலர் என்றான். வரி வேறு.
மூடியைக்கூடத் திறக்கவில்லை.

கூட வேலைசெய்யும் கைசாவின் கராஜில்
கோட் வாசிக்கும் பெட்டியைச் செருகினோம்.
இடது பின் சக்கரம், வேக சென்சர்.
முப்பத்தெட்டு டொலர், தபாலில் வந்தது.
பழையது வரமாட்டேன் என்றது;
எண்ணெய் அடித்து, தட்டி,
மகன் கேட்கக்கூடாத சொல்லெல்லாம் சொல்லிக்
கழற்றி, புதியதை வைத்தேன்.
வெளிச்சம் போனது.
வீட்டில் ஒன்றும் சொல்லாமல்
மூன்று நாள் அந்தப் பெருமையை வைத்திருந்தேன்.

நாலாம் நாள் குடிகாரன் திரும்பி வந்தான்.

இம்முறை கைசா ஓட்ட,
நான் பெட்டியை மடியில் வைத்து எண்களைப் பார்த்தேன்.
நாற்பது, நாற்பது, நாற்பது, நாற்பது.
இருபது, இருபது, இருபது, இருபது.
நாலு சக்கரமும் ஒரே பேச்சு.
பிறகு சிவப்பு விளக்குக்கு அவள் மெதுவாக்க,
ஒன்பது, ஒன்பது, ஒன்பது,
பூச்சியம்.

உருண்டுகொண்டிருக்கும் சக்கரம் ஒன்று
தான் நின்றுவிட்டதாகச் சொல்கிறது.
கார் அதை நம்புகிறது.
சறுக்குகிறோம் என்று பதறி,
சறுக்காத இடத்தில் பிரேக்கை விட்டுவிடுகிறது.

மறுபடி ஜாக்கி. மறுபடி முழங்காலுக்கடியில் அட்டைப்பெட்டி.
சென்சரில் பிழையில்லை. சக்கரத்தில் பிழையில்லை.
அது போய் உட்காரும் இடத்தில்
எட்டு மாரியின் உப்பு
கருகிய அப்பளம்போல் பொருக்குப் பொருக்காய் வீங்கியிருந்தது.
புதியதை நான் அந்தக் கறளின் மேல்தான் வைத்திருக்கிறேன்.
ஒரு மில்லிமீற்றர் தள்ளி.
வேகமாய் ஓடினால் கேட்கும்;
மெதுவாய் வந்தால் கேட்காது.

கம்பித் தூரிகை. பிறகு அரத்தாள்.
கைசா ஒரு கையில் டோர்ச், ஒரு கையில் கோப்பியுடன்
தன் மணவிலக்கின் கதையை
நடுவிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.
"ம்" போட்டபடி
உலோகம் வெளுக்கும்வரை தேய்த்தேன்.

மறுநாள், ஐந்து மணிக்கே இருட்டு.
கர்லிங் கிளப்பின் தரிப்பிடம், ஒரு கார் இல்லை.
கண்ணாடிப் பனி.
வேண்டுமென்றே ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினேன்.
பின்பக்கம் நழுவத் தொடங்க
டேப்பின் ஓரத்தில் மஞ்சள்
மின்னியது. எரியவில்லை, மின்னியது.
ஒரு சக்கரத்தை மட்டும் யாரோ பிடித்து இழுக்க,
மூக்கு நேரானது.
அணைந்தது.

கையேட்டைக் கையுறையோடு புரட்டினேன்:
நின்று எரிந்தால் அதற்குக் கண் தெரியவில்லை;
மின்னினால்
வேலை செய்துகொண்டிருக்கிறது.

இன்னும் இரண்டு தரம் சுற்றினேன். தேவையில்லை, ஆனாலும்.
டேப்பை உரித்தேன். அதன் பசை
விரலை விட்டுப் போகவில்லை,
ஆறரைக்கு, திருமதி பவ்லுக்கின் கதவைத் தட்டும்போதும்.